ஆர்லிஸ் கேட்ட கேள்வி

எங்கள் ஊர் டிரை ஃபோர்க்கில் துப்பாக்கி வாங்குவதென்றாலும் திட்டு வாங்குவதென்றாலும் ஆர்லிஸ் ட்வைட்டின் கடைக்குத்தான் போக வேண்டும். அவள் புருஷன் நாரிஸ் நுரையீரல் கெட்டுச் செத்த பிறகு கடையை விற்றுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் விற்கவில்லை. நாரிஸின் முக்காலியை மட்டும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, நின்றபடியே வியாபாரம் பார்க்க ஆரம்பித்தாள்.

காலை ஏழு மணிக்கு அங்கே காபி இருக்கும். நான் தபால் வண்டி ஓட்டுகிறவன். பண்ணைகளுக்குக் கிளம்புமுன் தினமும் போவேன். என்னைச் சேர்த்து ஆறு பேர். காபிக்குக் காசு கிடையாது. பதிலுக்கு அவள் நாக்கைத் தாங்க வேண்டும். குறி தப்பியவனிடம், "உனக்குத் துப்பாக்கி எதுக்குடா, கண்ணாடி வாங்கு" என்பாள். என் மனைவி என்னை விட்டுப் போன வாரம் என் கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே, "பதினஞ்சு வருஷம் பொறுத்திருக்கா, லைல். அவளுக்கு மெடல் குடுக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அடி விழுந்தவன்தான் முதலில் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அடுத்த அடியும் விழும்.

ஒரு மே மாதம் பால்மர் ஸ்லெட்டன் கடைக்கு வந்தார். எழுபத்திரண்டு வயது. பிப்ரவரியில் மனைவியைப் புதைத்திருந்தார். கடைக்கு வருவதற்கு முந்தின வாரம் நாயையும் புதைத்திருந்தார். பறவைத் தோட்டா ஒரு பெட்டி எடுத்து மேசைமேல் வைத்தார். வேட்டைப் பருவம் வர இன்னும் நாலு மாதம் இருந்தது.

"வாத்தெல்லாம் வடக்க போயிடுச்சு, பால்மர்," என்றாள் ஆர்லிஸ். "இதை வச்சு யாரைச் சுடப் போறீங்க? உங்களையேவா?"

நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம். பால்மரும் சிரித்தார்.

"அதுக்கு இவ்வளவு தேவைப்படாதே," என்றார்.

இன்னும் சத்தமாகச் சிரித்தோம். அவர் பணத்தைக் கொடுத்தார். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் கையால் பிடித்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். சாயங்காலம் நாலு மணிக்கு ஷெரிஃபின் போலீஸ்காரன் வந்து விஷயத்தைச் சொன்னான். பால்மரின் சமையலறையில் பெட்டி திறந்து இருந்ததாம். அதில் ஒன்றே ஒன்றுதான் குறைந்திருந்ததாம்.

ஆர்லிஸ் மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. நாலாம் நாள் காபி இருந்தது. திட்டு இல்லை. யாராவது ஏதாவது சொல்லி வம்புக்கு இழுத்தால், "குடிச்சிட்டுக் கிளம்பு" என்பாள், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துத் தலைநகரிலிருந்து சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் கெல்சி. கையில் சுருட்டிய சுவரொட்டிகள். எங்கள் மாவட்டத்தில் பத்து வருடத்தில் ஒன்பது பேர் இப்படிப் போயிருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னாள். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் எங்களோடு காபி குடித்தவர்கள். ஒரு சுவரொட்டியை விரித்துக் காட்டினாள். கைத்துப்பாக்கியின் மேல் சிவப்புக் கோடு. கீழே அழுகிற குழந்தை. துப்பாக்கி வன்முறையை ஒழிப்போம் என்று கொட்டை எழுத்து.

"இதை மாட்டினா காபிக்குக்கூட ஒருத்தன் வரமாட்டான்," என்றாள் ஆர்லிஸ். "வன்முறையாம். இந்த ஊர்ல எவன் எவனைச் சுட்டான்? இங்க போனவன் எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாப் போனவன். துப்பாக்கிமேல கோடு போட்டா என்ன அர்த்தம் தெரியுமா? அதைப் பிடுங்க வர்றேன்னு அர்த்தம். அந்த இடத்துலயே காது அடைச்சிடும். அதுக்கப்புறம் நீ வேதமே படிச்சாலும் விழாது."

"அப்போ எப்படிச் சொல்றது, மேடம்?"

"உங்க புஸ்தகத்துல என்ன எழுதியிருக்கு?"

"நேரடியா கேக்கச் சொல்லுது. சுத்தி வளைக்காம. கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்பட வேண்டாம். வராதுன்னுதான் ஆராய்ச்சி."

"நான் பால்மர்கிட்ட நேரடியாத்தான் கேட்டேன்," என்றாள் ஆர்லிஸ்.

"அவர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

கெல்சி சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டாள். 

அன்று மத்தியானம் ஆர்லிஸ் ஒரு தோட்டா அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மை பேனாவால் எழுதிக் கல்லாவுக்கு மேல் மாட்டினாள்: "மனசு சரியில்லையா? சாமானைக் கொண்டாந்து என்கிட்ட வை. சரியானதும் எடுத்துட்டுப் போ. ஏன்னு கேக்கமாட்டேன். ஆர்லிஸ்." அடுத்தவர் துப்பாக்கியைக் கடையில் வாங்கி வைத்தால் அரசாங்கத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், தன் வீட்டுக் கீழறையில் நாரிஸ் வைத்திருந்த இரும்பு அலமாரியைக் காலி செய்தாள்.

ஊர் அதைச் சும்மா விடவில்லை. மறுவாரம் அட்டையில் 'ஆர்லிஸ்' என்ற பெயரை அடித்து 'ஆயா' என்று யாரோ எழுதினார்கள். இன்னொரு நாள் கடைக் கதவில் ஸ்கங்க் என்கிற நாற்றப் பிராணி ஒன்று செத்துத் தொங்கியது. அந்த நாற்றம் போக மூன்று வாரம் ஆயிற்று. அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது, யார் யாரிடம் எத்தனை துப்பாக்கி என்று பட்டியல் போகிறது என்றார்கள். பலர் தொண்ணூறு மைல் வண்டி ஓட்டிப்போய்ப் பெரிய கடையில் தோட்டா வாங்கினார்கள். ஆர்லிஸ் அட்டையை இறக்கவில்லை. 'ஆயா'வை அழிக்கவும் இல்லை.

அவள் தைரியமாக அட்டை மாட்டியதைவிட, ஆள் ஆளாகப் பிடித்துக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். கூட்டத்தில் கேட்கமாட்டாள். எல்லோரும் போன பிறகு, சில்லறை எண்ணுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். பால்மரிடம் கேட்ட அதே கேள்விதான். சிரிப்பு மட்டும் இருக்காது. சிலர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் மறுநாள் அவள் வீட்டுப் பின்கதவுக்கு வந்தார்கள். இரண்டு வருடத்தில் பதினோரு பேர் வந்தார்களாம். யார் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஒருவனைத் தவிர.

அவன் லீலண்ட் பிரெக்கி. நாற்பத்தெட்டு வயது. கோதுமை விவசாயி. அடுத்தடுத்து இரண்டு வருடம் ஆலங்கட்டி மழை அவன் பயிரைத் தரையோடு தரையாக அடித்துப் போட்டது. மனைவி ஜனெல் பிலிங்ஸ் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் திரும்புவதாகவும் சொல்லவில்லை, திரும்பமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அட்டை ஏறி இரண்டு வருடம் கழிந்த ஆகஸ்டில் ஒரு நாள், மறந்து வைத்த தபால் பெட்டிச் சாவியை எடுக்க நான் கடைக்குத் திரும்பி வந்தபோது ஆர்லிஸும் லீலண்டும் மட்டும் இருந்தார்கள். நான் உள்ளே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"லீலண்ட். உன்னையே சுட்டுக்கணும்னு தோணுதா?"

லீலண்ட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிறகு, "மத்தியானத்துல தோணாது," என்றான். "காலைல எழுந்திருக்கிறப்போதான்."

"எத்தனை இருக்கு உன்கிட்ட?"

"நாலு. ஒண்ணு அப்பாவோடது."

"கொண்டாந்துடு. அப்பாவோடதுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன்."

அவன் அன்றே கொண்டுவந்தான், மெத்தை விரிப்பில் சுற்றி. அடுத்த இரண்டு மாதம் அவன் கொஞ்சம் தேறினான் என்றுதான் சொல்ல வேண்டும். காலைக் காபிக்கு வர ஆரம்பித்தான். ஆர்லிஸ் அவனைப் பழையபடி திட்டினாள். பால்மருக்குப் பிறகு அவள் வாயிலிருந்து திட்டு வாங்கியவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஜனெலின் அண்ணன் கார்த் ஹாகன். ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தான். ஆள் ஆறடி, குரல் எட்டடி. அக்டோபரில், மான் வேட்டைப் பருவம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ரைபிள் ஒன்று இரவல் வாங்க லீலண்டின் வீட்டுக்குப் போயிருக்கிறான். சுவரில் வெறும் கொக்கிகள் மட்டும் இருந்தன. மறுநாள் காலை எங்கள் எல்லோருக்கும் நடுவில் வைத்து ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், இந்த வருஷம் மானைக் கெட்ட வார்த்தை சொல்லியே விரட்டப் போறியா?"

லீலண்ட் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துப்பாக்கி எல்லாம் ஆயாகிட்ட இருக்கு, தெரியுமா உங்களுக்கு? ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி பல் தேய்ச்சியான்னு பாத்துட்டு, நல்ல பிள்ளையா இருந்தா ஒரு கவண் குடுப்பா."

"வாயை மூடு, கார்த்," என்றாள் ஆர்லிஸ்.

"நான் என் தங்கச்சி புருஷன்கிட்ட பேசுறேன். உன்கிட்ட பேசல. இவனை விட்டு ஜனெல் ஏன் போனான்னு இப்பத்தானே புரியுது. அவ ஆம்பளை தேடிப் போயிருக்கா."

சிரிப்பு வந்தது. என் சிரிப்பும் அதில் இருந்தது. லீலண்டும் சிரிக்க முயன்றான், தாமதமாகச் சிரித்தான். அதுதான் தப்பு. தாமதமாகச் சிரித்தவனை எங்கள் ஊர் விடாது. அடுத்த ஒரு வாரம் அவன் எங்கே போனாலும் யாராவது 'சுட்டுடாதே' என்று கையை உயர்த்திச் சரணடைந்தார்கள். பெட்ரோல் போடுகிற இடத்தில், தானியக் கிடங்கில், சர்ச் வாசலில். பிறகு ஒரு நாள் அவனுடைய பிக்கப் வண்டியின் இருக்கையில் பச்சை நிறத் தண்ணீர்த் துப்பாக்கி ஒன்று இருந்தது. யோசனை கார்த்துடையது. வாங்கியவன் நான். அன்று நான் பெரிய ஊருக்குப் போகிற நாள், அவன் வாங்கிவரச் சொன்னான், வாங்கி வந்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

வேட்டை திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் லீலண்ட் ஆர்லிஸின் வீட்டுக்குப் போனான். அங்கே நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தானாம். அவள் சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பை என்கிற பலகாரத்தில் ஒரு துண்டு தின்றானாம்.

"சாமானைக் குடு ஆர்லிஸ். நாளைக்கு மானுக்குப் போறேன்."

"காலைல இன்னும் தோணுதா?"

"இல்ல."

"ஒரு வாரம் போகட்டும். அடுத்த சனிக்கிழமை வா. மான் எங்கயும் போயிடாது."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அப்போ அவங்க சொல்றது சரிதானா? பிடுங்கிக்கிட்டியா என்கிட்ட இருந்து?"

இரண்டு வருடமாக அவள் ஊருக்குச் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான்: நான் பிடுங்குகிறவள் இல்லை, கேட்டால் கொடுப்பேன். அந்தச் சொல்லை வைத்தே அவன் கேட்டான். அவள் எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தாள். அப்பாவுடைய ரைபிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள். அவன் அதை எடுத்துக் குழலைத் தடவிப் பார்த்து, "நல்லா வச்சிருந்த," என்றான்.

சனிக்கிழமை அவன் ஐந்து கிளைக் கொம்புள்ள மான் ஒன்றை அடித்தான். வண்டியில் போட்டுக்கொண்டு நேரே கடை வாசலுக்கு வந்தான். எல்லோரும் வெளியே வந்து பார்த்தோம். கார்த் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். "இதுதான்டா என் மச்சான்," என்றான். ஆர்லிஸ்கூட வாசல்வரை வந்து, "குருட்டு மானாத்தான் இருக்கும்" என்றாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான், இந்த முறை சரியான நேரத்தில். எனக்கும் ஏதோ பாரம் இறங்கியது போலிருந்தது. தண்ணீர்த் துப்பாக்கி வேலை செய்துவிட்டது, ரோஷம் வந்து ஆள் எழுந்துவிட்டான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை கறி அறுக்க உதவிக்குப் போன கார்த்தான் முதலில் பார்த்தான். கொட்டகையில் மான் தோலுரித்துத் தொங்கியதாம். கத்திகளைச் சாணை பிடித்து வரிசையாக அடுக்கியிருந்தானாம். லீலண்ட் மட்டும் வீட்டுக்குள் கிடந்தான்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். கார்த் ஆர்லிஸ் நின்ற மேசைக்கு வந்தான். எல்லோர் காதிலும் விழும்படிதான் பேசினான். அவனுக்கு வேறு குரல் கிடையாது.

"நீதான் அவன் மண்டையில அதைப் போட்ட. தோணுதா தோணுதான்னு கேட்டுக் கேட்டு. கேக்காம இருந்திருந்தா தோணியே இருக்காது."

ஆர்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். தண்ணீர்த் துப்பாக்கியைப் பற்றி அவள் சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம். நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பிறகு ஜனெல் வந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"உன் கைல இருந்துச்சு," என்றாள். "சாவி உன் கைல இருந்துச்சு, ஆர்லிஸ்."

அதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கார்த் சொன்னது ஆர்லிஸின்மேல் ஒட்டவில்லை. இது ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் அட்டையை இறக்கினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடையில் காபி குடித்தவன் நான் ஒருவன்தான். அவள் என்னோடு பேசமாட்டாள். பிப்ரவரியில், வெளியே பனி ஜன்னல்வரை ஏறியிருந்தபோது, தண்ணீர்த் துப்பாக்கி வாங்கியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். எதுக்குச் சொல்ற இப்போ? நான் பரவாயில்லன்னு சொல்லணுமா? சொல்லமாட்டேன். வேணும்னா தினமும் வந்து காபி குடிச்சிட்டுப் போ."

மார்ச்சில் அட்டை மறுபடி ஏறியது. கீழே இரண்டு வரி புதிதாக இருந்தது: "திருப்பி வேணும்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும். கூட வீட்டு ஆள் ஒருத்தர் வரணும்." இது பிடுங்குவதுதான் என்று சிலர் சொன்னார்கள். "ஆமா, ரெண்டு நாளைக்குப் பிடுங்குறேன்" என்று அவள் ஒத்துக்கொண்டாள். காபி குடிக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வேறு எங்கேயும் இலவசமில்லை.

கார்த் மட்டும் வரவில்லை. மச்சானைப் பார்த்த கண் தூங்கமாட்டேன் என்கிறது என்றும், தீயணைப்பு வண்டியில் ஏறுவதில்லை என்றும் அவன் மனைவி கோனி யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. அடுத்த செப்டம்பரில் ஒரு காலை, நாங்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருக்கும்போது, கடையின் பின்பக்கம் அவன் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம். இரண்டு நீளமான துப்பாக்கி உறைகளைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் தட்டினான்.

ஆர்லிஸ் பின்கதவைத் திறந்தாள். "இங்க இல்ல. முன்வாசல் வழியா வா," என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள்.

அவன் சுற்றிக்கொண்டு வந்தான். எடை குறைந்து, தாடி வளர்ந்து, வேறு ஆள் போலிருந்தான்.

"எதுக்கு வந்த, கார்த்?"

அவன் உறைகளைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான்.

"வாயால சொல்லு. உன் குரல் எங்க போச்சு? இவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"ஆர்லிஸ்," என்றேன் நான்.

"நீ சும்மா இரு. அவனுக்குக் கவண் வேணுமோ என்னமோ. கேளுங்கடா. பல் தேய்ச்சியா, கார்த்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் சிரிக்காததை நான் அன்றுதான் பார்த்தேன். கார்த் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு திரும்பி, உறைகளோடு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆர்லிஸ் கல்லா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"வண்டியை எடு, லைல்."

என் தபால் வண்டியில் போனோம். அவன் வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் அவன் வண்டி இல்லை. ஆற்றுப்பக்கம் இல்லை.   கடைசியில் லீலண்டின் வயல் ஓரத்தில், வேலிக் கதவுக்குப் பக்கத்தில் அவன் வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்னை இருக்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் இறங்கினாள்.

காற்று அவளைத் தள்ளியது. அவன் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பேசுவதைப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. நெடுநேரம் அவன் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான். அறுவடை முடிந்த கோதுமைத் தாள்களைத் தவிர அந்த வயலில் பார்க்க ஒன்றுமில்லை. பிறகு ஜன்னல் வழியாக ஒரு உறை வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி. அது அவன் கடைக்குக் கொண்டுவந்ததில் சேர்ந்ததில்லை. மூன்றையும் அணைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். கோனிக்கு போன் போட்டு வரச் சொன்னாள். கோனியின் கார் வரும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

"மன்னிப்புக் கேட்டியா?" என்றேன் திரும்பும்போது.

"இல்ல. கேள்வியைக் கேட்டேன். ஒழுங்கா." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "கடையில அவனை நிக்க வச்சேனே. அப்போ எனக்கு நல்லா இருந்துச்சு, லைல். நாக்குல தேன் பட்ட மாதிரி. அவன் அந்த வயலுக்கு வராம வேற எங்கயாவது போயிருந்தா, அந்த ருசியோடதான் நான் சாகணும்."

நான் வண்டியை அவள் வீட்டுப் பக்கம் திருப்பினேன். 

கார்த் பிழைத்தான். பெரிய ஊரில் ஒரு மருத்துவரிடம் போனான். வாரம் ஒரு முறை கோனிதான் வண்டி ஓட்டினாள். குரல் திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக, கூட்டத்தில் வைத்துத் தன்னைச் சாகத் துரத்தியவள் ஆர்லிஸ் என்று சாராயக் கடையில் சொல்ல ஆரம்பித்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் மறுக்கவும் இல்லை. வேலி ஓரத்தில் நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில், சரியாக இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, கோனியோடு ஆர்லிஸின் வீட்டுக்கு வந்தான். ஆர்லிஸ் மூன்றையும் சமையலறை மேசையில் எடுத்து வைத்தாள். அன்று அவளுக்கு முழங்கால் வலி. கீழறையிலிருந்து தூக்கிவர என்னைக் கூப்பிட்டிருந்தாள். கார்த் உட்காரவில்லை. அவள் ஊற்றிய காபியைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டி, கீறல் இருக்கிறதா என்று பார்த்தான்.

"தூசி பிடிச்சிருக்கு," என்றான்.

"தொடைச்சுக்கோ," என்றாள் ஆர்லிஸ்.